ஆணியால கீறன டம்ளரு

அந்த டம்ளர இன்னும் வச்சிருக்கறேன். சமையல்கட்டுல இல்ல, என் இரும்புப் பொட்டில, வேட்டி சட்டைக்கு அடியில. எம்பொண்டாட்டி எத்தினியோ தடவ சொல்லிட்டா, "பழைய சாமான்காரன் தெருவுல கத்திக்கினு போறான், போட்டுத் தொலைங்க"ன்னு. போட மாட்டேன். நான் செத்தா எங்கூடவே வச்சி அடக்கம் பண்ணிடுங்கன்னு சொல்லியிருக்கறேன். "கல்லறையில போயும் தண்ணி குடிக்கணுமா உங்களுக்கு"ன்றா அவ.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்றேன், எம்பொண்ணு எழுதறா. டி.பி. ஆஸ்பத்திரில எனக்கு மாத்திர குடுத்த சிஸ்டரு கேட்டுக்கினாங்க. "நர்ஸ் படிக்கற பொண்ணுங்க வருசா வருசம் இங்க ட்யூட்டிக்கு வருதுங்க. கிருமி ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு எப்டி போவுதுன்னு புஸ்தகத்துல படிச்சிட்டு வருதுங்க. உங்களுக்கு நடந்தத சொல்லி எழுதிக் குடுங்களேன், படிக்கட்டும்"னாங்க. சரின்னேன். ஆனா சிஸ்டரு நெனைக்கற மாதிரி இது புத்தி சொல்ற கதையா இருக்காது. ஒரு மனுசன்மேல நான் வச்ச வஞ்சம் இது. கிருமி போன வழியிலதான் அந்த வஞ்சமும் போச்சி, அதனால ரெண்டையும் சேத்துதான் சொல்ல முடியும்.

நான் பேண்டு செட்டுல பெரிய டிரம் அடிக்கறவன். கல்யாணம், சாவு, கோயில் திருநாளு, தேர் பவனி, எதுன்னாலும் போவோம். செட்டுல யாரும் யாரையும் பேரு சொல்லிக் கூப்புட மாட்டோம். என்ன "டிரம்மு"ம்பாங்க. கிளாரினெட் ஊதறவன் "கிளாரினெட்டு". டிரம்பெட் ஊதறவரு மட்டும் "மாஸ்டரு", ஏன்னா செட்டு அவருது. அவரோட அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்துல போலீஸ் பேண்டுல ஊதனவராம். அவரு போட்டிருந்த செவப்பு கெப்பி தொப்பி மாஸ்டரு வூட்டுக் கூடத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். யாரும் தொடக் கூடாது. மாஸ்டரு சாவு வூட்டுக்குப் போனாக்கூட மொதல்ல "பொன்ழூர்"ம்பாரு, பிரெஞ்சுல வணக்கம்னு. பொணத்த பாத்துக்கூட சொல்லியிருப்பாருன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம், அவரு காதுல விழாம.

எம்பொண்ணு பேனாவ வச்சிட்டு பாக்கறா, விசயத்துக்கு வாங்கன்னு. வர்றேன். மெதுவாதான் வருவேன். டிரம் அடிக்கறவன் எப்பவும் ஊர்கோலத்துல கடைசிலதான் வருவான்.

மாஸ்டரு வூடு குருசுக்குப்பத்துல. பின்பக்கம் ஒரு நீட்டு ரூமு, அதுலதான் நாங்க பிராக்டிஸ் பண்றது. மத்தியானம் சாப்ட்டுட்டு கூடுவோம், சாயங்காலம் வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னால புதுப் பாட்டு ஏத்துக்கறதுக்கு. அந்த நேரந்தான் வம்பு. குப்பத்துல ஆம்பளைங்க இருட்டோட கடலுக்குப் போயிட்டு, மீன எறக்கிட்டு, மத்தியானந்தான் கண்ண மூடுவாங்க. நாங்க அப்பத்தான் தொம்முன்னு ஆரம்பிப்போம். ஒரு நாளு நாலஞ்சி பேரு லுங்கிய மடிச்சிக் கட்டிக்கினு வந்துட்டாங்க. "எங்க தூக்கத்த கெடுக்கறதுக்குன்னே மேளம் வாங்கி வச்சிருக்கீங்களா"ன்னு.

மாஸ்டரு மரியாதப்பட்ட ஆளு. அடுத்த நாளே ரெண்டு ஜன்னலுக்கும் சாக்க ரெட்ட மடிப்பா மடிச்சி ஆணி அடிச்சிட்டாரு. கதவு இடுக்குல பழைய வேட்டிய சுருட்டி வச்சாரு. மேல ஒரு பேன் இருந்துது, அது சுத்துனா நோட்டு பேப்பரு பறக்குதுன்னு அதையும் நிறுத்திட்டாரு. சத்தம் வெளிய போவுல. காத்து உள்ள வர்ல. சொவத்துக்கு அந்தாண்ட கடலு. கடக்காத்து ஆள தள்ளற மாதிரி அடிக்கும். நாங்க பத்துப் பன்னெண்டு பேரு உள்ள ஒருத்தன் விட்ட மூச்ச ஒருத்தன் இழுத்துக்கினு ஊதிக்கினு இருப்போம். மீன்காரங்க தூங்கட்டும்னு நல்லதுக்குப் பண்ணதுதான். நான் இல்லேங்கல.

மாஸ்டருக்கு இருமல் எப்பலேருந்துன்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது. சுனாமிக்கு முன்னாடியே இருந்துது. ஒரு வாட்டி தவக்காலத்துல கடலூர்ல அவரு தங்கச்சி வூட்டுல போயி தங்கனாரு. மஞ்சக்காமால, பத்தியம்னாங்க. தவக்காலத்துல எங்க கிறிஸ்துவ ஆளுங்க வூட்டுல கல்யாணம் கெடையாது, செட்டுக்கு வேல கம்மி, அதனால யாரும் பெருசா கேக்கல. ஈஸ்டர் பாஸ்கா முடிஞ்சி வந்தாரு. மொகம் தெளிஞ்சி, கொஞ்சம் சத போட்டிருந்தாரு. டிரம்பெட்ட எடுத்து ஒரு ஊது ஊதனாரு பாருங்க, ரூமே அதுந்துது. அந்த சீசன் முழுக்க அப்டித்தான் ஊதனாரு. அப்பறம் மழக்காலத்துல திரும்ப இருமல். "ஊதற தொண்டைக்கு இருமல் இல்லாம இருக்குமா"ம்பாரு. மெடிக்கல்ல ஒரு பாட்டிலு செரப்பு வாங்கி சட்டப் பையிலயே வச்சிருப்பாரு.

எனக்கு ஆரம்பிச்சது சுனாமிக்கு அப்பறம். மொதல்ல இருமல்கூட இல்ல. சாயங்காலமானா ஒடம்பு லேசா கணகணங்கும். காலையில ஒண்ணும் இருக்காது. தூங்கி எழுந்தா தலகாணி ஈரம். எம்பொண்டாட்டி, "வயசான காலத்துல இப்டி வேத்து ஊத்துது உங்களுக்கு"ன்னு பேன அஞ்சில வச்சா. அப்பறம் டிரம்ம மாட்டற பெல்ட்டு தோள்ல நிக்காம வழுக்க ஆரம்பிச்சிது. ஓட்ட போட்டு ஓட்ட போட்டு இறுக்கனேன். பெல்ட்டுதான் தளந்துபோச்சின்னு நெனச்சேன். எளச்சது நானுன்னு தோணல. இருமல் வந்து, அது போவாம, ஒரு திருநாளு அன்னிக்கி தேரு பின்னால நடக்கறப்ப கைக்குட்டையில செவப்பா ஒரு கோடு பாத்தேன். வெத்தலன்னு நெனச்சேன். அன்னிக்கி நான் வெத்தலையே போடல.

எம்பொண்டாட்டி அடுத்த நாளு கைய புடிச்சி இழுத்துக்கினு போனா. காலையில பல்லு வெளக்கறதுக்கு முன்னால வர்ற சளிய ஒரு சின்ன டப்பாவுல துப்பிக் குடுக்கச் சொன்னாங்க. எச்சிலு வேணாம், நெஞ்சுலேருந்து வரணும்னாங்க. குடுத்தேன். இருக்குதுன்னு சொல்லிட்டாங்க.

லாஸ்பேட்டைலேருந்து ஸ்கூட்டர்ல வர்ற சிஸ்டருதான் எனக்கு மாத்திர குடுத்தவங்க. எம்பேரு எழுதி ஒரு செவப்புப் பொட்டி. "இது முழுக்க உங்களுக்கு, வேற யாருக்கும் இல்ல. எங்கண்ணு முன்னாலதான் முழுங்கணும்"னாங்க. பக்கத்து அலமாரில நீலப் பொட்டி அடுக்கி இருந்துது. அது யாருக்குன்னு கேட்டேன். "நடுவுல மாத்திரைய நிறுத்திட்டு நோயி திரும்ப வந்து நிக்கறவங்களுக்கு. அவங்களுக்கு ஊசியும் உண்டு. நீங்க அந்த அலமாரி பக்கமே போயிடாதீங்க"ன்னாங்க.

எனக்கு எது கேட்டாலும் சலிச்சிக்காம சொல்லுவாங்க. இருமறப்ப, பேசறப்ப, பாடறப்ப நெஞ்சுக்குள்ள இருக்கற கிருமி கண்ணுக்குத் தெரியாத தூவானமா வெளிய வருது. காத்தோட்டம் இருந்தா கலஞ்சி போயிடுது, வெயிலு பட்டா செத்துடுது. மூடன ரூமுன்னா அங்கியே மெதந்துக்கினு கெடக்குது. உள்ள போன எல்லாருக்கும் நோயி வந்துடாது. நெறைய பேருக்கு அது உள்ளயே தூங்கும், சாவற வரைக்கும் எழுந்துக்காது. ஒடம்பு எப்ப அசருதோ, சோறு கொறையுதோ, சக்கர வருதோ, குடி சாஸ்தியாவுதோ, அப்ப முழிச்சிக்கும். தட்டு, டம்ளரு, துணிமணி, இதுலல்லாம் பரவாது. இத சிஸ்டரு ரெண்டு தடவ சொன்னாங்க. "தட்டத் தனியா வைப்பாங்க, ஜன்னல மூடிக்குவாங்க. எல்லாரும் இதத்தான் தப்பா பண்றாங்க"ன்னாங்க.

அப்பறம் கேட்டாங்க, "மூடன எடத்துல யாரோட ரொம்ப நேரம் இருக்கறீங்க?"

நான் ரூம சொன்னேன். சாக்க சொன்னேன். சிஸ்டரு எழுதறத நிறுத்திட்டு என்ன பாத்தாங்க. "அவங்க எல்லாரையும் சளி பாக்க வரச் சொல்லுங்க"ன்னாங்க.

போயி சொன்னேன். அதுதான் வெனையாப் போச்சி. மறச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. செட்டு மொத்தமும் ஒக்காந்திருந்தப்ப சொன்னேன், "எனக்கு டி.பி. இருக்குது. நாம எல்லாரும் ஒரே ரூமுல இருக்கறோம். எல்லாரும் போயி பாத்துக்குங்க"ன்னு.

மாஸ்டருதான் மொதல்ல பேசனாரு. "அடப்பாவி டிரம்மு. எங்கேர்ந்து கொண்டாந்த இத?"

"எங்கேர்ந்துன்னு தெரியல மாஸ்டரே. அதுக்குத்தான் எல்லாரும்..."

"நாங்க ஏன்யா போவணும்? வந்தது உனக்கு. நீ பாத்துக்க." சொல்லிட்டு இருமனாரு. தொண்டைய செருமற மாதிரி பண்ணிக்கினாரு.

அடுத்த தடவ நான் போனப்ப தண்ணிப் பானை பக்கத்துல தனியா ஒரு அலுமினிய டம்ளரு இருந்துது. அடியில ஆணியால குறுக்கும் நெடுக்கும் ரெண்டு கோடு கீறியிருந்துது. எம்பொண்ணு அத பெருக்கல் குறின்றா. "இது உன்னோடது. மத்தத தொடாத"ன்னாரு மாஸ்டரு. நான் ஊதறவனே கெடையாது. எல்லாரும் வாயி வச்சி ஊதறாங்க, நான் கையால அடிக்கறவன். எனக்குத்தான் தனி டம்ளரு. ஜன்னல்ல சாக்கு அப்டியே இருந்துது.

அதுலயும் நான் தண்ணி குடிச்சேன். தாகமா இருந்துது. மாஸ்டரு பாத்துக்கினே இருந்தாரு. பெறவு, "மாத்திர முடியற வரைக்கும் நீ வர வேணாம் டிரம்மு, நானே ஆள் அனுப்பறேன்"ன்னாரு. டம்ளர கையோட எடுத்துக்கினு வந்துட்டேன். யாரும் ஏன்னு கேக்கல. அத தொடறதுக்கு யாருக்கு மனசு வரும்?

கொஞ்ச நாள்ல கிளாரினெட்டுக்கு இருமல். கிளாரினெட்டு யாரு, மாஸ்டரோட அக்கா மவன். கல்யாணமாயி கைக்கொழந்த இருக்குது. அவன் போயி சளி பாத்தான், அவனுக்கும் இருக்குதுன்னுட்டாங்க. குப்பத்துல இருந்து மார்க்கெட் வரைக்கும் மாஸ்டரு சொல்லிட்டாரு: "டிரம்மு எம் மருமவனுக்கு ஒட்ட வச்சிட்டான்." எனக்கு மொதல்ல கண்டுபுடிச்சாங்க, அதனால நான்தான் மொதல்ல. உலகத்துல எல்லாருக்கும் அப்டித்தான் கணக்கு வருது. கண்டுபுடிச்சது யாருக்கு மொதல்லன்றது வேற, வந்தது யாருக்கு மொதல்லன்றது வேற. நர்ஸு படிக்கற பொண்ணுங்களா, இது ஒண்ண மட்டுமாச்சும் மனசுல வச்சிக்குங்க. மொதல்ல தெரிஞ்சவன புடிச்சி கல்லெறியாதீங்க.

இத்தோட போயிருந்தா நான் வஞ்சம் வச்சிருக்க மாட்டேன்.

எம்பொண்ணுக்கு, இத எழுதறாளே இவளுக்குத்தான், அப்ப ரெட்டியார்பாளையத்துல ஒரு எடம் முடிஞ்சிருந்துது. பையன் மரவாடில வேல பாத்தான். எங்காளுங்க வழக்கம் தெரியாதவங்களுக்கு சொல்றேன். கல்யாணத்துக்கு முன்னால கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம ஓலை வாசிப்பாங்க. இன்னாரு பையனும் இன்னாரு பொண்ணும் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க, இதுக்குத் தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க சாமியார்கிட்ட வந்து சொல்லணும்னு. மொதல் ஓலை வாசிச்சாங்க. இவ புதுப் பொடவையில முன்வரிசைல ஒக்காந்திருந்தா. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. தலையக் குனிஞ்சிக்கினா.

"நான் குனியல"ன்றா இப்ப. குனிஞ்சா.

அந்த வாரத்துல பையனோட தாய்மாமன் செட்டு பேசறதுக்கு மாஸ்டர்கிட்ட போனாரு. சம்பந்தி வூடு எப்டின்னு பேச்சுவாக்குல கேட்டிருக்காரு. மாஸ்டரு சொன்னாராம், "பொண்ணு தங்கமான பொண்ணு. அப்பனுக்குத்தான் டி.பி. எம் மருமவனுக்கே வாங்கிக் குடுத்துட்டான். பாத்து செய்யிங்க." பாத்து செஞ்சாங்க. ரெண்டாவது ஞாயிறு ஓலை வாசிச்சாங்க, வேற வேற பேருங்க வந்துது, எம்பொண்ணு பேரு வர்ல. சாமியாரு அடுத்தத படிக்கறதுக்குப் பேப்பர திருப்பனாரு. கோயில்ல இருந்த அத்தன பேரும் மறுபடி எங்கள திரும்பிப் பாத்தாங்க. மொத வாரம் பாத்த பார்வ இல்ல அது.

இவ பூசை முடியற வரைக்கும் எழுந்திரிக்கல. நற்கருணை வாங்கக்கூட போவுல. எனக்கு அன்னிக்கி பூசை காதுல விழுல. மாஸ்டரு பாட்டுக்கோஷ்டி பக்கம் நின்னு இருமற சத்தம் மட்டுந்தான் விழுந்துது.

அதுக்கப்பறம் தெனம் காலையில எழுந்தா ஒரே நெனப்பு. தப்பு தன்னோடதுன்னு அவரு வாயால சொல்லணும். நாலு பேரு கேக்க சொல்லணும். எம்பொண்ணு பேரு ஒரு ஓலையோட நின்னுபோச்சி, அதுக்கு இவரு பதில் சொல்லணும். மாத்திர முழுங்கறப்ப அத நெனச்சிக்கினுதான் முழுங்குவேன். ஒண்ணுக்கு செவப்பா போவும் அந்த மாத்திரைல, ரத்தம் மாதிரி. பாத்து பாத்து எனக்கு அந்த ஆளோட ரத்தம்னு தோணும். சிஸ்டரு, "ஒரு நாளுகூட தவறாம வர்றீங்களே, உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா"ன்னு பாராட்டுவாங்க. எதுக்காக வர்றேன்னு அவங்களுக்குத் தெரியாது. பொழச்சி எழுந்து அந்த ஆளு முன்னால நிக்கணும். அவ்ளோதான்.

மாத்திர முடியற தறுவாயில ஒரு நாளு போறேன், பெஞ்சில ஒருத்தரு மூஞ்சிய சுத்தி மப்ளரு கட்டிக்கினு ஒக்காந்திருக்காரு. நல்ல வெயிலு. காலு செருப்ப பாத்தேன். ஊர்கோலத்துல எத்தினி வருசம் அந்த செருப்புக்குப் பின்னால நடந்திருக்கறேன்! சிஸ்டரு வந்து, ஊசி போட்டுட்டு, அலமாரியத் தொறந்து பொட்டிய எடுத்தாங்க. நீலப் பொட்டி.

எனக்கு அப்பத்தான் எல்லாம் ஒண்ணா வந்து நின்னுது. கடலூரு தங்கச்சி வூடு. மஞ்சக்காமால. தவக்காலம். பாஸ்காவுக்கு வந்து அவரு ஊதன ஊது.

பக்கத்துல போயி ஒக்காந்தேன். "பொன்ழூர் மாஸ்டரே."

அப்டியே ஆடிப்போயிட்டாரு. "நீ... நீ இன்னும் இங்க வந்துக்கினு இருக்கறியா?"

"வர்றேன் மாஸ்டரே. நான் செவப்பு. நீங்க நீலம்."

"மெதுவா பேசு டிரம்மு."

"டிரம்ம மெதுவா அடிச்சா யாருக்குக் கேக்கும்?"

கைய புடிச்சிக்கினாரு. கை சுட்டுது. "செட்டு ஒடஞ்சிடும்யா. சீக்காளி செட்டுன்னு ஒருத்தனும் கூப்புட மாட்டான். பத்து குடும்பம் இருக்குது. நீ பெரிய மனசு பண்ணு."

"எம்பொண்ணுக்கு ஒரு ஓலைதான் வாசிச்சாங்க மாஸ்டரே."

சிஸ்டரு என்ன தனியா கூப்ட்டு, மொகத்த பாத்தே கண்டுபுடிச்சிட்டு சொன்னாங்க, "இங்க பாத்தத வெளிய சொல்லக் கூடாது. ஒருத்தரோட நோயி அவரு சொல்ல வேண்டியது, நாம சொல்றதில்ல. உங்களுக்கு அவரு செஞ்சத நீங்க அவருக்கு செய்யப் போறீங்களா?"

செய்யத்தான் ஆசை. மார்க்கெட்ல நின்னு கத்தணும்னு ஆசை. ஆனா சிஸ்டருக்கு வாக்கு குடுத்துட்டேன், நான் சொல்ல மாட்டேன்னு. அவர சொல்ல வைக்க மாட்டேன்னு குடுக்கல.

அடுத்த நாளு மத்தியானம் ஆணி புடுங்கற சுத்தியல எடுத்துக்கினு குருசுக்குப்பம் போனேன். எம்பொண்டாட்டி வாசல்ல மறிச்சா. "இன்னாங்க, கொலையா பண்ணப் போறீங்க?"

"ஜன்னலு தொறக்கப் போறேன்."

ரூமுல எல்லாரும் இருந்தாங்க. மாஸ்டரு மப்ளர் இல்லாம டிரம்பெட்டோட ஒக்காந்திருந்தாரு. கிளாரினெட்டு மாத்திர சாப்புடறதால ஊதறதில்ல, வெளிய படிக்கட்டுல ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தான். நான் நேரா போயி மொதல் சாக்குல சுத்தியல வச்சேன். துருப்புடிச்ச ஆணி, கீச்சுன்னு வந்துது.

"யோவ் டிரம்மு! இன்னாய்யா பண்ற!"

ரெண்டாவது சாக்கு. பேன் சுச்ச போட்டேன். கடக்காத்து உள்ள வந்து எல்லாரு நோட்டையும் வாரிக்கினு போச்சி. எத்தினி வருசத்துத் தூசு! எல்லாரும் கண்ண கசக்கினு நிக்கறாங்க. நான் மூலையில கெடந்த என் டிரம்ம எடுத்து பெல்ட்ட மாட்டனேன். கடைசி ஓட்டைய விட்டு முன்ன இருந்த ஓட்டைல மாட்டனேன், அவ்ளோ தேறியிருந்தேன். அடிச்சேன் பாருங்க! சாவுக்கு அடிக்கற அடி, ஒரே சீரா.

குப்பமே எழுந்து வந்துடுச்சி. முன்னால ஒரு வயசான செம்படவரு, தூக்கக் கண்ணோட. "எவன்டா அவன்! வல இழுத்துட்டு வந்து இப்பதான்டா படுத்தோம்! சாவு வூடாடா இது?"

"இன்னும் இல்ல"ன்னேன். "ஜன்னல ஏன் தொறந்தேன்னு மாஸ்டரக் கேளு."

எல்லாரும் மாஸ்டர பாத்தாங்க. மாஸ்டரு என்ன பாத்தாரு. நான் அடிக்கறத நிறுத்தல. "இவனுக்குப் பைத்தியம்"னாரு. சொல்லி முடிக்கல, இருமல் வந்துடுச்சி. சின்ன இருமல் இல்ல. குனிஞ்சி, சொவத்த புடிச்சிக்கினு, நிக்காம. நான் டிரம்ம நிறுத்திட்டேன். அந்த சத்தம் எல்லாருக்கும் கேக்கட்டும்னு நிறுத்தனேன்.

படிக்கட்டுலேருந்து கிளாரினெட்டு எழுந்து வந்தான். அவனும் அதே ஆஸ்பத்திரிதானே. அவனுக்கும் கண்ணு இருக்குது. "மாமா, சொல்லிடுங்க. எம் புள்ளைய தெனம் உங்க மடியிலதான் வச்சிக்கறீங்க"ன்னான்.

சொன்னாரு. டிரம்பெட்ட கீழ வச்சிட்டு, தரைய பாத்துக்கினு சொன்னாரு. "எனக்குத்தான் மொதல்ல. கடலூர்ல மாத்திர ஆரம்பிச்சேன், தவக்காலத்துல. ஆறு மாசம் முழுங்கச் சொன்னாங்க. பாஸ்கா முடிஞ்சி சீசன் வந்துடுச்சி. மாத்திர போட்டா வயித்த பொரட்டும், ஊத முடியல. இருமலும் நின்னுபோயிருந்துது. சரியாயிடுச்சின்னு வுட்டுட்டேன்."

அந்த செம்படவரு சொன்னாரு, "எம் பேரன் தெனம் இந்தக் கதவுல காத வச்சிக்கினு பாட்டு கேக்கறான்யா. இதுன்னு சொல்லியிருந்தா நாங்க தூங்காமலே இருந்திருப்போமே."

மாஸ்டருக்கு அதுலதான் கண்ணுல தண்ணி வந்துது. எனக்கு வர்ல. நான் இன்னும் ஒண்ணு கேட்டேன். "இத ரெட்டியார்பாளையத்துலயும் சொல்லணும்."

சொன்னாரு. வாயில துணி கட்டிக்கினு, நான் பின்னால நிக்க, அந்தத் தாய்மாமன் வூட்டு வாசல்ல நின்னு சொன்னாரு. தாய்மாமன் பல்லு குத்திக்கினே கேட்டுட்டு, "அப்ப ரெண்டு பேருக்குமே இருக்குதுன்னு சொல்லுங்க"ன்னாரு. பையனுக்கு வேற எடத்துல பேசி, மூணு ஓலையும் வாசிச்சி முடிச்சாச்சாம். திரும்பி வர்ற வழில நானும் மாஸ்டரும் ஒரே பஸ்ஸுல ஜன்னலு ஓரம் முன்ன பின்ன ஒக்காந்து வந்தோம்.

வூட்டுக்கு வந்து இவகிட்ட சொன்னேன். இவ அரிசி கழுவிக்கினு இருந்தா. "அந்த வூட்டு ஜன்னலு தொறந்திருந்துதா மூடியிருந்துதாப்பா?"ன்னா. மூடியிருந்துதுன்னேன். "நல்லதாப் போச்சி"ன்னுட்டு தண்ணிய ஊத்தனா.

ரூமுல இருந்த எல்லாரும் சளி குடுத்தாங்க. சைடு டிரம்முக்கும் இருந்துது, அவனுக்கு இருமலே வெளிய தெரியல. கிளாரினெட்டோட கொழந்தைக்கு நோயி இல்ல, ஆனாலும் வராம இருக்கறதுக்குன்னு மாத்திர குடுத்தாங்க. செம்படவரோட பேரனுக்கு ஒண்ணும் இல்ல. மாஸ்டரு ஊசியே மாசக்கணக்குல போட்டுக்கினாரு. இடுப்புல எடம் இல்லாம போச்சின்னு கிளாரினெட்டு சொல்லுவான். அந்த வருசம் செட்டுக்குப் பாதி வேலதான் வந்துது. எனக்கு சந்தோசமா இருந்துதான்னு எம்பொண்ணு கேக்கறா. இருந்துது. எழுது.

அடுத்த வருசம் இவளுக்கு லாஸ்பேட்டைலேருந்து ஒரு எடம் வந்துது. காலேஜில கரண்டு வேல பாக்கற பையன். எனக்கு வந்த நோய நானே மொதல்ல சொன்னேன். "எங்க அம்மாவுக்கும் வந்துது, மாத்திர சாப்ட்டாங்க, இப்ப என்ன விட வேகமா நடக்கறாங்க"ன்னான். மூணு ஞாயிறும் ஓலை வாசிச்சாங்க. ரெண்டாவது ஞாயிறு இவ பேரு வந்தப்ப எம்பொண்டாட்டி என் தொடைய கிள்ளனா பாருங்க, அது ஒரு வாரம் கன்னிப்போயி கெடந்துது.

கல்யாணத்துக்கு நான் மாஸ்டரு செட்ட கூப்புடல. வேற ஊரு செட்டு வச்சேன். ஆனா மாஸ்டர கூப்ட்டேன். நேர்ல போயி பத்திரிக வச்சிக் கூப்ட்டேன். வந்தாரு. மாத்திரையெல்லாம் முடிஞ்சி, சளியில ஒண்ணும் இல்லன்னு ஆயி, நல்லா தேறியிருந்தாரு. ஊதறதுக்கு மட்டும் நெஞ்சுல காத்து பத்தல, நுரையீரலு ஒரு பக்கம் சுருங்கிப்போச்சாம். மண்டபத்துல காத்து வர்ற எடமா பாத்து ஒக்கார வச்சேன். பக்கத்துல கிளாரினெட்டு.

வெயிலு காலம். "டிரம்மு, குடிக்கக் கொஞ்சம் தண்ணி"ன்னாரு.

பந்தியில எவர்சில்வரு டம்ளரு அடுக்கி இருந்துது. நான் ரூமுக்குள்ள போயி, கொண்டாந்திருந்த பையிலேருந்து அலுமினிய டம்ளர எடுத்து, நல்லா கழுவி, தண்ணி மொண்டு, ரெண்டு கையாலயும் குடுத்தேன்.

வாங்கனவரு வெயிட்டு பாக்கற மாதிரி ஒரு நிமிசம் கையில வச்சிருந்தாரு. வெரலு அடியில தடவிச்சி. கீறலு தட்டுப்பட்டுது போல. நிமுந்து என்ன பாத்தாரு. டம்ளர்ல ஒண்ணும் ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். அதுக்குள்ள அவருக்கும் தெரியும், அவருக்கும் அதே சிஸ்டருதான். கிளாரினெட்டு பல்ல கடிச்சிக்கினு வேற பக்கம் திரும்பிக்கினான்.

அண்ணாந்து குடிக்கல. வாயி வச்சி, மெதுவா, கடைசி சொட்டு வரைக்கும் குடிச்சாரு. காலி டம்ளர எங்கிட்ட நீட்டுனாரு.

"இன்னும் கொஞ்சம் வேணுமா மாஸ்டரே?"ன்னேன்.

"குடு"ன்னாரு.

போயி மொண்டுக்கினு வந்தேன். அதுலயேதான்.